பின்னறையில் கோபித்துக் கிடந்த மெஷின்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். சொல் பாதியில் நின்றால் பாதியிலேயே நிற்கும். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "எப்ப நிறுத்தினன்?" என்று கேட்பவரையே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அனுஷியா அறை பார்க்க வந்த முதல் நாளே இதில் அகப்பட்டுக்கொண்டாள். வீட்டுக்காரி கௌரி முன்னறையைத் திறந்து காட்டிக்கொண்டே, "இஞ்ச பார் பிள்ளை, இந்த வீட்டில சட்டம் ஒண்டுதான். நீ..." என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, போன் திருத்துகிற கடையில் வேலை, வீடு திரும்ப இரவு எட்டாகும் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகள் பல. இதுவும் அதில் ஒன்று என்று பையைத் தூக்கப் போனாள். வெளியே ரயில் தடதடத்துக் கடந்தது.

"...வரப் பிந்தினால் ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போடு. வேற ஒண்டுமில்லை" என்று கௌரி முடித்தாள்.

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் வந்தாள். டெங்கு வந்து கிடந்தபோது பப்பாசி இலையைப் பிழிந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தவள் கௌரி. இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்று, முடிவை வாங்கிக்கொண்டு வந்து, "புள்ள, பிளேட்லட் நம்பர் ஏறிட்டுது!" என்று வாசலிலேயே கத்தியவர் கௌரியின் கணவர் நிக்கலஸ். பெற்றவர்கள் மலையில் இருக்க, கொழும்பில் இப்படி இருவர் கிடைப்பதற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்று அனுஷியா நினைத்துக்கொள்வாள். கூடவே, இது என்றைக்குக் கைநழுவிப் போகுமோ என்ற பயமும் வரும். அவளுக்கு எந்தச் சந்தோஷமும் தனியாக வந்ததில்லை.

பயந்தது போலவே ஒரு செய்தி வந்தது. கட்டாரில் இருந்த மகன் வினோதன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வருகிறானாம். முன்னறை அவனுடையது.

"நீ ஏன் முகத்தைத் தொங்கப் போடுறாய்?" என்றாள் கௌரி. "பின்னறை இருக்கெல்லோ. அந்தப் பிணத்தைத் தூக்கிப்போட்டால் உனக்குக் கட்டில் போடலாம். ஸப்வானுக்குச் சொல்லிப்போட்டன். வாற ஞாயிறு லொறியோட வருவார்."

பிணம் என்றது, பின்னறையை அடைத்துக்கொண்டு நின்ற, பந்து தட்டி ஆடுகிற பின்போல் மெஷினை. ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, நான்கு இரும்புக் கால், தலைமாட்டில் படம் தீட்டிய கண்ணாடி. படத்தில் நீச்சலுடையில் ஒரு வெள்ளைக்காரி. அவளைக் கௌரி பிள்ளையார் கலண்டர் ஒன்றால் மறைத்திருந்தாள். மேல் கண்ணாடியில் பழைய சேலை விரித்து, அதன்மேல் இடியாப்பத் தட்டுகளை அடுக்கியிருந்தாள். இடியாப்பம் ஓடருக்கு அவித்துக் கொடுப்பவள் அவள்.

ஸப்வானுக்குக் கிராண்ட்பாஸில் பழைய இரும்புக் கடை. அவர் பெயரைக் கேட்டதும் நிக்கலஸ் பத்திரிகையை மடித்து வைத்தார். "ம். போகட்டும். செத்த சாமான்தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அனுஷியா தண்ணீர் குடிக்கப் போனபோது, அவர் பின்னறையில் நின்று, கலண்டரைத் தூக்கிப் பிடித்து, சாரத்தின் தலைப்பால் வெள்ளைக்காரியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குக் கட்டில் போடுவதற்காக ஒரு மனிதரின் ஆசையை லொறியில் ஏற்றுவதா? அந்த அறையில் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? இவர்கள் செய்ததற்கெல்லாம் கைம்மாறு இதுதானா?

மறுநாள் காலை, மாவு குழைத்துக்கொண்டிருந்த கௌரியிடம் போய் நின்றாள். "ஆன்ட்டி, அது ஓடுனா?"

"எது?"

"மெஷினு. நா திருத்திப் பாக்கவா? ஓடுனா ஹோல்ல வச்சிக்கலாங்களா?"

கௌரி நிமிர்ந்து பார்த்தாள். "ஓடினால் வைக்கலாம். உயிரோட உள்ள சாமான் வீட்டில நிக்கலாம், செத்ததை எவ்வளவு காலத்துக்கு மூடி வைச்சிருக்கிறது? ஆனா ஒண்டு. ஒரு ஆட்டத்துக்கு அஞ்சு பந்தாம். அஞ்சும் முடியுமட்டும் இடையில சாகாமல் ஓடவேணும். ஞாயிறு ஸப்வான் வரேக்க செத்துதோ, ஏத்தி விடுவன்."

நிக்கலஸுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. "மெஷின் திருத்துற மூணு பாஸ்மார் பாத்து கைவிட்டது புள்ள இது" என்றவர், அன்று மாலையே மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவள் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார்.

அது துறைமுகத்துக் கப்பல்காரர் கென்டீனில் நின்ற மெஷின். கென்டீனை மூடியபோது, அங்கே பக்கத்தில் வேலை பார்த்த இளம் நிக்கலஸ் கைவண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ராசா மாதிரி ஓடியதாம். கலியாணம் முடித்து, கௌரிக்குச் சீதனமாக வந்த இந்த வீட்டுக்கு அவரோடு அதுவும் வந்தது. வந்த மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும், திடீரென்று செத்துப்போகும்.

"ராகு காலத்தில ஏத்தினவர். வேண்டாம் எண்டு அம்மா தலையால அடிச்சவ" என்று குசினிக்குள் இருந்து கௌரியின் குரல் வந்தது.

"ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்திருக்கணும். அதுதான் என்ட பிழை" என்றார் நிக்கலஸ்.

திறந்து பார்த்தால் உள்ளே கடல் உப்பு பூத்துக் கிடந்தது. எலி ஒன்று வயரைக் கடித்துக் குடும்பம் நடத்தியிருந்தது. ரப்பர் வளையங்கள் காய்ந்த கத்தரி வற்றல் போல ஒடிந்தன. அனுஷியா போனுக்குள் நூல்போன்ற வயர்களைப் பார்த்துப் பழகியவள். இதற்குள் கயிறு கயிறாக இருந்ததைக் கண்டு முதலில் திகைத்தாள். பிறகு ஒவ்வொரு தொடுமுனையாகச் சுரண்டி, அறுந்ததற்கெல்லாம் ஈயம் வைத்தாள். பெரிய வளையங்களுக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் பொருந்தியது. சின்னவற்றுக்குச் சந்தையில் வாங்கிய தலைமுடி ரப்பர். கறுப்பு முடிந்துவிட்டதால் பாதிக்கு ரோஸ் நிறம். பந்தைத் தட்டி மேலே அனுப்புகிற இரண்டு துடுப்புகளும் மெல்ல அசைந்தன. அடுத்த நாள் இறுகிப்போயின. விசாரித்ததில், இருவரும் இல்லாத நேரம் கௌரி தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தாள்.

"காய்ஞ்சு கிடந்தது. பாவமா இருந்தது, விட்டனான்" என்றாள்.

"ஆன்ட்டி, இதுக்கு எண்ணெயே ஆகாதுங்க. தூசி ஒட்டி பசையாயிரும்."

"அப்ப என்னத்துக்குக் கடையில எல்லா மெஷினுக்கும் நல்லது எண்டு சொல்லி விக்கிறான்?"

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தெடுக்க ஒரு மாலை போனது.

மெஷினின் வயிற்றுக்குள், ஒரு கம்பியில் தூக்குக்குண்டு மாதிரி ஏதோ தொங்கியது. சுற்றிவர ஒரு வளையம். "இது என்னாங்க அங்கிள்?"

"அது பொலிஸ்காரன்" என்று சிரித்தார் நிக்கலஸ். "கப்பல்காரனுகள் பந்து விழப்போற நேரம் இடுப்பால மெஷின இடிப்பானுகள். இடிச்சா இந்தக் குண்டு ஆடி வளையத்துல முட்டும். முட்டினா ஆட்டம் முடிஞ்சிது. களவு புடிக்கிற சாமான். எனக்கு அது தேவயே இல்ல புள்ள. நா ஒருநாளும் இடிச்சதில்ல."

வியாழக்கிழமை மாலை அது உயிர்பெற்றது. அமெரிக்க மெஷினுக்கு நம் மின்சாரம் அதிகம் என்பதால், நிக்கலஸ் பத்திரமாக வைத்திருந்த, அதைக் குறைத்துத் தருகிற இரும்புப் பெட்டி வழியாகக் கொடுத்தார்கள். விளக்குகள் எரிந்தன. மணி அடித்தது. வெள்ளைக்காரியின் பின்னாலிருந்து வெளிச்சம் வர, கௌரி கலண்டரைக் கழற்றி அவளைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். நிக்கலஸ் பிடியை இழுத்துப் பந்தை விட்டார். முதல் பந்து, இரண்டாம் பந்து. அனுஷியா போனைத் தூக்கிப் பிடித்து அம்மாவுக்குக் குரல்பதிவு போட்டாள்; கையெல்லாம் கரி, எழுத முடியாது. அம்மாவுக்கும் கேட்பதுதான் சுகம். "அம்மா, ஓடுதும்மா! கேளேன், மணி அடிக்கிது! அங்கிளு சின்னப்புள்ள மாதிரி... ஐயோ, நின்னுருச்சி!"

செத்துவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது. துடுப்பு அசையவில்லை, பந்து உருண்டு குழிக்குள் போனது.

அன்றும் வெள்ளியும் அவள் வைத்த ஈயத்தையெல்லாம் மறுபடி வைத்தாள். ஓடும், சாகும். ஒவ்வொரு முறையும் ஒரு குரல்பதிவு போனது; எல்லாம் ஐயோவில்தான் முடிந்தது. சனிக்கிழமை நிக்கலஸ் அவள் கையிலிருந்து ஸ்குரூட்ரைவரை மெதுவாக வாங்கி வைத்தார். "போதும் புள்ள. நீ செஞ்சதே பெரிசு. மணிச் சத்தம் கேட்டனே, அது காணும்."

அவர் ஆறுதல் சொன்னது அவளை இன்னும் வதைத்தது. குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தபோது அம்மாவின் குரல்பதிவு வந்திருந்தது. அங்கம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்கிய மூச்சோடு பேசினாள்.

"ஏம்புள்ள, நீ அனுப்புனதெல்லாம் கேட்டேன். அந்த மெஷின ஸ்டேசன்லயா வச்சிருக்கீங்க? நீ ஐயோங்கிறப்பல்லாம் பின்னாடி ரயிலு கத்துது. காதே அடைச்சிரும் போல. அப்பாவும் கேட்டாரு, என்னாடி புள்ள ரயில் ரோட்டுலயா குடியிருக்குன்னு."

அனுஷியா அதை இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டாள். பிறகு தன் பதிவுகளைக் கேட்டாள். மணிச் சத்தம், நிக்கலஸின் சிரிப்பு, தடதடதட, ஐயோ. அடுத்ததிலும் தடதடதட, ஐயோ. இந்த வீட்டுக்குப் பழகிய பிறகு தன் காதில் விழாத ரயில், போனுக்குள் வீட்டை இடித்துக்கொண்டு போனது.

"அங்கிள்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். "அந்தப் பொலிஸ்காரன்! குண்டு!"

மூவரும் மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கைவிளக்கோடு குந்தினார்கள். அடுத்த ரயில் வந்தது. அலுமாரி மேல் ஏற்றி வைத்திருந்த இடியாப்பத் தட்டுகள் கிணுகிணுத்தன. குண்டு மெல்ல ஆடி, வளையத்தில் ஒரு முத்தம் கொடுத்தது.

நிக்கலஸ் தரையில் உட்கார்ந்தேவிட்டார். "அடப் பாவி! இத்தின வருசமா ரயில்தான் களவு வெளையாடியிருக்குது. நா இந்த மெஷினயல்லவா ஏசினேன்!"

"நானும் ராகுவை ஏசிப்போட்டன்" என்றாள் கௌரி. "அது சரி, இந்த நேரத்தில ரயிலும் ஓடுதோ?"

குண்டைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று அனுஷியா கேட்டாள். நிக்கலஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பொலிஸ்காரன் இல்லாத ஆட்டம் ஆட்டமில்லையாம். கடைசியில் குண்டைக் கம்பியில் மேலேற்றி இறுக்கினார்கள். வளையத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடியது. கௌரி தன் பழைய ரப்பர் செருப்பை வெட்டி, நான்கு காலுக்கும் அடியில் வைத்தாள். போதுமா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அடுத்த ரயிலைக் காணவில்லை.

ஞாயிறு காலை ஸப்வான் வந்து இறங்கினார். "எங்க அங்கிள் சாமான்? ஏத்திருவமா?"

"பொறுங்கோ தம்பி. ஒரு ஆட்டம் கிடக்கு" என்று கௌரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தான் அடிப்பன். இவை ரெண்டு பேரும் கூட்டு."

வாழ்க்கையில் முதல் முறை. முதல் மூன்று பந்தும் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்தன. "இதென்ன, அவியாத பருப்பு மாதிரி ஒரு இடத்தில நிக்குதில்லை!" நான்காவதில் கொஞ்சம் பிடிபட்டது. ஐந்தாவதில் மணி விடாமல் அடித்தது. ஸப்வான் இருந்த கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "ஆன்ட்டி, இடது பக்கம்! இடது பக்கம்!"

"எனக்குத் தெரியும், நீங்கள் சும்மா..."

கௌரி நின்றுவிட்டாள். விரல் பொத்தானை அமுக்கியபடியே இருந்தது. தூக்கிய துடுப்பின் மடியில் பந்து அடங்கி உட்கார்ந்தது. நிக்கலஸும் அசையவில்லை. தட்டுகள் கிணுகிணுத்தன. தடதடதட என்று ரயில் பம்பலப்பிட்டிப் பக்கம் போனது. இந்த முறை அனுஷியா அதைக் கேட்டாள். பெட்டி பெட்டியாக, நெஞ்சுக்குள் ஓடியதைப் போலக் கேட்டாள்.

"...நில்லுங்கோ" என்று கௌரி முடித்து, விரலை எடுத்து மறுபடி அமுக்கினாள். துடுப்பு உதைத்தது. பந்து துள்ளி மேலே போய், மூன்று மணியை அடித்துவிட்டு, நேராகக் குழிக்குள் விழுந்தது. ஐந்தும் முடிந்தது. மெஷின் சாகவில்லை, ஒழுங்காக, மரியாதையாக, ஆட்டம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டு நின்றது.

நிக்கலஸ் அனுஷியாவின் தலையில் கையை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயில் இல்லாமலேயே பேச்சு நின்றுவிட்டது.

"இப்ப என்ன செய்ற? நான் சும்மா போறதா?" என்றார் ஸப்வான்.

"சும்மா ஏன் போறியள்? இதை ஹோலுக்குத் தூக்க ஆள் வேணும். பிறகு இடியாப்பமும் சொதியும் இருக்கு. அதுக்கு முதல் அந்த வெள்ளைக்காரிக்கு நான் ஒரு சால்வை தேடவேணும்."

பின்னறையில் கட்டில் விழுந்தது. சாயந்திரம் அனுஷியா அதில் உட்கார்ந்து அம்மாவுக்கு அழைப்பு எடுத்தாள். ஹோலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாருடைய முறை என்று புருஷனுக்கும் பெஞ்சாதிக்கும் சண்டை.

"ஒன்னாலதாம்மா கண்டுபுடிச்சோம். ஆன்ட்டி ஒனக்கு இடியாப்ப மாவு அனுப்புறாங்களாம். இவங்களுக்கு நா என்னா செஞ்சாலும் ஈடாகாதும்மா. என்ன யாரோன்னு நெனைக்காம..."

அலுமாரி மேல் தட்டுகள் கிணுகிணுத்தன.

"...பெத்த புள்ளயாட்டம் வச்சிருக்காங்க."

"ஏம்புள்ள, நடுவுல பேச்ச நிறுத்திட்ட?" என்றாள் அங்கம்மா. "ரயிலு போயிருச்சா?"

"எந்த ரயிலு?" என்றாள் அனுஷியா. "நா எங்கம்மா நிறுத்துனேன்?"