இருபது நாள் லீவில் வந்தவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரரின் போனிலிருந்து திருடியது. வீடியோ காலில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி பல் விழுந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தேன். பேச்சு முடிந்ததும் அவரே என்னிடம் எல்லாம் சொன்னார்.

2

அவர் பெயர் ஹமீத். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஹமீத் ஓடிவந்து மகளை வாரி அணைத்து'

இல்லை. கத்தாரிலிருந்து வந்து பதினொரு நாளாகியும் அவர் மகளைத் தொடவேயில்லை.

மகள் ஷமீமுக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பின் புரதம் சிறுநீரில் இறங்கிவிடும்; முகமும் காலும் வீங்கும். (எதிர்ப்புச் சக்தியே தடம் மாறுவதால் என்கிறார்கள்.) ஸ்டீராய்டு கொடுத்தால் வடியும், குறைத்தால் மறுபடி வீங்கும். மூன்று வருடம் இப்படியே. போன மாதம் அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். சளி, இருமல் உள்ள யாரும் கிட்டே வரக்கூடாது என்றார் டாக்டர்.

ஹமீத் விமானத்திலிருந்து இருமிக்கொண்டே இறங்கினார். திண்டிவனத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல், நேராக விழுப்புரத்தில் அக்கா ரசியா வீட்டுக்குப் போய்விட்டார். இருமல் நின்று இரண்டு நாளானதும் இந்தப் பேருந்தில் ஏறினார்.

3

அவர் மனைவி ரிஸ்வானாவை எழுத வரவில்லை. முதல் வரைவில் கல்நெஞ்சக்காரியானாள், அழித்தேன். அடுத்ததில் அழுதுகொண்டேயிருந்தாள், அதையும் அழித்தேன். தெரிந்தது இவ்வளவுதான்: தினம் காலையில் மகளின் சிறுநீரில் சோதனைக் காகிதத்தை நனைத்து, புரதம் இறங்கிப் பச்சையாகிறதா என்று மூச்சைப் பிடித்துப் பார்ப்பவள். இப்போதெல்லாம் அது மஞ்சளாகவே இருக்கிறது.

4

விக்கிரவாண்டி தாண்டியதும் மறுபடி போன் வந்தது. பேச்சின் நடுவே ஹமீத் ஒருமுறை இருமினார்.

"இன்னாங்க, இருமுறீங்க?"

"தூசி ரிஸ்வானா. ஒரு தடவதான்."

"மருந்து ஏறின புள்ள அது. இப்பதான் வீக்கம் வத்தி மூஞ்சி மூஞ்சியா இருக்குது."

"எனுக்கும் அந்த மூஞ்சிய கிட்ட பாக்கணும்னு இருக்காதா?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு குழந்தையின் குரல்.

"அத்தா, நான் வாசல்ல நிக்கிறேன். நீ ரோட்டுக்கு அந்தாண்ட நில்லு. போன்ல பேசலாம்."

ஹமீத் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டார். "கத்தார்ல இருந்தப்பகூட இவ்ளோ தூரமாத் தெரியல சார்."

5

முடிவு ஒன்று: வெறும் தூசிதான். வீட்டுக்குப் போய் அணைத்துக்கொள்கிறார். (ஒரு வாரம் கழித்து ஷமீமுக்குக் காய்ச்சல் என்று) இந்த அடைப்புக்குறிக்குள் மேலே எழுத எனக்குத் தைரியமில்லை.

முடிவு இரண்டு: திண்டிவனத்தில் இறங்கி, எதிரே நிற்கும் விழுப்புரம் பேருந்தில் ஏறுகிறார். படிக்க நன்றாக இருக்கும். எழுதிய என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

நான் பார்த்தது: இறங்கியதும் என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். மருந்துக்கடையில் இரண்டு மாஸ்க் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தார். நான் போக வேண்டியது வேறு பக்கம்.

6

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் வந்தது: "கத்தார் வந்துட்டேன் சார். பாப்பா நல்லா இருக்கு. வீக்கம் இல்ல."

"தூக்கினீங்களா?" என்று தட்டினேன். அனுப்பவில்லை. இன்னும் அப்படியே கிடக்கிறது.

அனுப்பினால் ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அது 'இல்ல' என்றிருந்தால், அவரிடம் நான் அடுத்து என்ன பேசுவது?

நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா?