மூன்று வருடம் பேன்ட் பாக்கெட்டில்

என் மாமியார் பங்கஜம், செல்போனால் வரும் கெடுதலைப் பற்றிப் போனில்தான் பேசுவார், முக்கால் மணி நேரம். மாதம் தவறாமல் மணிமங்கலத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். முதல் கேள்வி, "இந்த மாசமும் குளிச்சிட்டியா?" ஆமாம் என்றால் ஒரு பெருமூச்சு. அப்புறம் என் வேலையின் தலை உருளும்.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. செய்து முடித்த போனை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சிக்னல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். நாளெல்லாம் அந்தச் சிக்னல் அலையில் நின்றால் வயிற்றில் என்ன தங்கும் என்பது அத்தையின் கட்சி. அலை வெளியே வராமல் இருக்கத்தான் பெட்டியே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. எங்கள் சொந்தப் போனைக்கூடக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் என் உடம்பில் போனே கிடையாது. யார் கேட்கிறார்கள்?

கல்யாணமாகி மூன்று வருடம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பக்கத்து அறைக் குழந்தையின் சட்டை கொடியில் காய்வதைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். அத்தை சொல்வது ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை இருங்காட்டுக்கோட்டைக்கு, எங்கள் வாடகை அறைக்கே வந்துவிட்டார். நான் சாப்பாடு போடும்போதே ஆரம்பித்தார். கடிதம் எழுதிவிட்டதைச் சொன்னேன். என் கணவர் ஹேமந்த் கார் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எனக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் வாயே திறக்காத மனிதர். ஓவர்டைம் முடித்து வந்து உடைகூட மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதிச் சோற்றில் நிறுத்திவிட்டு, பேன்ட் பாக்கெட்டிலிருந்து தன் போனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அலைதான் காரணம்னா, இது மூணு வருஷமா என் பாக்கெட்லதான்மா கீது. மொதல்ல என்னைத்தான் டெஸ்ட் பண்ணணும்."

எங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆம்பளையும் இதைத் தன் அம்மாவிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாளே படப்பையில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அலையால் இப்படி ஆகும் என்று இதுவரை யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை, அதற்காக வேலையை விட வேண்டாம், இரண்டு பேருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார் அந்த டாக்டரம்மா. லேப் வாசலில் ஹேமந்துக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. தன் போனை என் கையில் திணித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போனார். அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இரண்டு நிமிடத்தில் அந்தப் போன் அடித்தது. அத்தைதான். அவர் டெஸ்ட்டுக்கு உள்ளே போயிருப்பதாகச் சொன்னேன்.

இந்தத் தடவை பெருமூச்சு வரவில்லை.

"நீ சாப்ட்டியாம்மா?" என்றார்.

மூன்று வருடத்தில் அத்தை என்னை இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஹேமந்த் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றேன். போனை வைத்துவிட்டு, கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து அங்கேயே கிழித்துப் போட்டேன்.