நாகூர் மீரானின் வலது தோள்

பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த ஆர்தர், சீமையில் நரம்பு வைத்தியம் படித்துவிட்டுத் திரும்பியபோது, ஊரில் அவருக்கு வேலையே இல்லை, கண்ணுகளா. காய்ச்சலுக்கு டாக்டர் உண்டு, பிரசவத்துக்கு டாக்டர் உண்டு. நரம்புக்கென்று ஒருவரா?

"வீணை நரம்பு அறுந்தாலும் கட்டித் தருவாராமா?" என்று கேட்டுப் படகுத்துறையையே சிரிக்க வைப்பான் மூட்டை தூக்கும் பிச்சைமுத்து.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு நாள் ஹமீதா தன் கணவன் நாகூர் மீரானை இழுத்துக்கொண்டு வந்தாள். காவுத்தடியின் ஒரு முனையில் சோற்றுக்கூடையும் மறு முனையில் குழம்புப் பானையும் தொங்க, துறையில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு விற்பவர் மீரான்.

"பானை சுட்டு விரல் வெந்துபோச்சு டாக்டர், இவங்களுக்குத் தெரியவே இல்ல. சுகாதார ஆபீஸ்ல பார்த்துட்டுக் குஷ்டம்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜெரஜாக் தீவுக்குப் போட் ஏறணுமாம்."

குஷ்டரோகிகளை ஒதுக்கி வைக்கும் அந்தத் தீவுக்குப் போய்த் திரும்பி வந்தவர் ஒருவரையும் ஹமீதா கண்டதில்லை.

ஆர்தர் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். கட்டைவிரல் பக்கம் உணர்வில்லைதான். ஆனால் உடம்பில் ஒரு தேமல்கூட இல்லை.

"சட்டையக் கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் சுவரத் தள்ளுங்க பாய்."

"வாடகை வீடு டாக்டர், விழுந்துடப் போகுது," என்றார் மீரான், அந்தத் துயரத்திலும்.

தள்ளினார். வலது தோள்பட்டை எலும்பு மட்டும் கோழி இறக்கைபோல முதுகை விட்டு எழும்பி நின்றது.

"தடி எந்தத் தோள்ல?"

"இதுலதான். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

"அது நரம்ப நசுக்கிடுச்சு. தடிய இறக்குனா கை திரும்பும். குஷ்டம் தோள இப்படித் தூக்காது லா."

மறுநாள் சுகாதார அதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் முன்னாலும் மீரான் சுவரைத் தள்ளினார். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் கிருமியும் இல்லை. துரை நாற்காலியில் இருந்தபடியே அந்த முதுகை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து ஆர்தரின் கையைக் குலுக்கினார்.

தீவு விலகியது, ஊரின் பயம் விலகவில்லை. தடியை விட்டுத் தள்ளுவண்டியில் சோறு கொண்டுபோன மீரானிடம் ஒருவரும் வாங்கவில்லை.

"தீவுக்குப் போயிருந்தா அவங்களாவது சோறு போட்டிருப்பாங்க மச்சான்," என்றாள் ஹமீதா.

செய்தி ஆர்தருக்கு எட்டியது. கோட்டும் டையுமாக உச்சிவெயிலில் துறைக்கு வந்தார். அத்தனை பேர் நடுவிலும் தரையில் குந்தினார்.

"அகப்பை வேணாம் பாய். கையாலயே வைங்க."

மீரான் மீன் துண்டை எடுத்து இலையில் வைத்தார். ஆர்தர் பிசைந்து சாப்பிட்டார். விரல்களை நக்கினார். இன்னும் குழம்பு கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சைமுத்து வந்தான்.

"தள்ளிக் குந்துங்க டாக்டர். எனக்கும் பசிக்குது லா."

அன்று பானை காலி. அதற்குப் பிறகு அக்கரையிலிருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்துகூட வாய் கோணியவர்களும், வலிப்புக் கண்ட பிள்ளைகளைத் தூக்கியவர்களும் கடல் தாண்டி வந்தார்கள். துறையில் இறங்கி வழி கேட்டால், பிச்சைமுத்து மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வாசல்வரை கூட்டிப் போவான்.

"நம்ம ஊருப் பிள்ளை," என்பான். "துரையே எழுந்து வந்து கை குடுத்தாரு."