ஒஸ்மோன்குல் வீட்டு முற்றத்தில் கூடாரம்

என் கணவர் ஒஸ்மோன்குல் மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டது டிசம்பர் மூன்றாவது வாரத்தில். எங்கள் மலையூரான நாரினில் அன்று குளிர் மைனஸ் இருபத்தாறு டிகிரி. அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். சொன்னது ஊருக்கெல்லாம். கேட்டது இவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார் இல்லையா!

நான் சிக்கனத்துக்கு எதிரி அல்ல. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் இவர் நிறுத்தியது எதையெல்லாம்? வாஷிங் மெஷின், கீசர், கெட்டில், சமையலறை ஹீட்டர். கரண்ட் அடுப்புக்கு, சமையல் முடியும் வரை மட்டும் அனுமதி. டிவி மட்டும் நாள் முழுக்க ஓடியது. செய்தி பார்க்காவிட்டால் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று எப்படித் தெரியும்? அவர் மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் என் கைகளிலிருந்து பிடித்தது. பதினெட்டு நாள் பனிக்கட்டித் தண்ணீரில் துணி அலசி என் விரல்கள் வெடித்துவிட்டன. நிலக்கரி அடுப்பில் வெந்நீர் போடலாமென்றால், அதையும் இரண்டு வருடம் முன்பு இவரேதான் இடித்துப் போட்டார். இனி எல்லாம் கரண்ட்தான் என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.

"ஏங்க, ஒரு வாளி வெந்நீருக்காவது கீசரைப் போடுங்க" என்றேன்.

"பௌதிகம் தெரியாம பேசாத. தண்ணிய சூடாக்கறதுதான் இருக்கறதுலயே அதிகமா கரண்ட் குடிக்கும்."

"டிவி என்ன குடிக்குது, டீயா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது பூருல்."

முப்பத்தொரு வருடமாக எனக்குச் சொன்னால் புரியாது. வெந்நீர்கூட அப்புறம். இந்த வீட்டில் என் பேச்சு செல்லுமா செல்லாதா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் காலை அவர் கடைவீதிக்குக் கிளம்பியதும் தங்கை ஜிப்பாரை வரவழைத்தேன். கோடையில் மலை மேய்ச்சலுக்குக் கொண்டுபோகும் கம்பளிக் கூடாரம் கொட்டகையில் சுருட்டிக் கிடந்தது. இருவருமாக இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினோம். எங்களில் கூடாரம் நிறுத்துவது பெண்கள் வேலைதான். நடுவில் இரும்பு அடுப்பை வைத்து, காய்ந்த சாணத்தைப் போட்டுப் பற்றவைத்தேன். அரை மணி நேரத்தில் கோட்டைக் கழற்றினேன். பதினெட்டு நாளில் முதல் தடவை.

"இனிமே நான் இங்கதான். அவரு சாவியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உள்ள தூங்கட்டும்."

"மாமா வந்து கத்துனா?"

"கத்தட்டும். கத்தறதுக்குக் கரண்ட் வேணாமே."

சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் ஓர் ஆண்குரல் ஓலமிட்டது.

"ஐயோ, என் கூடப்பொறந்தவனே! போயிட்டியே!"

எதிர்வீட்டுச் சுயுன்பாய்! ஜிப்பாருக்கு முகம் வெளுத்தது. "அக்கா, பனிக்காலத்துல முத்தத்துல கூடாரம்னா சாவு வீடுதானே! மாமா செத்துட்டாருன்னு வர்றாங்க!"

இருந்த ஆத்திரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. செத்தவரைக் கூடாரத்தில் கிடத்துவதும், ஆண்கள் வாசலில் நின்று கதறுவதும் எங்கள் வழக்கம். ஒருவர் குரல் கேட்டதும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். தொப்பியைக் கண் வரை இறக்கி, கம்பை ஊன்றிக் குனிந்து, ஊரே கேட்கும்படி அழுதார்கள். நான் வெளியே வந்து விஷயத்தைச் சொல்லலாமென்று எழுவதற்குள் வாசல் கேட் அருகே வேறொரு குரல் வெடித்தது.

"ஐயோ பூருல்!"

அவர்தான். தன் வீட்டு முற்றத்தில் கூடாரத்தையும் அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறார். வீட்டில் விட்டுப் போனது என்னை மட்டும்தான். வெங்காயப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டியா பூருல்! ஒரு வாளி வெந்நீர் கேட்டியே, அதைக்கூடக் குடுக்காத பாவியாயிட்டேனே! கை வெடிச்சுப் போச்சுன்னு காட்டினியே, பாத்துட்டு டிவி பக்கம் திரும்பிக்கிட்டேனே!"

எனக்கு ஆத்திரம் வந்தது. என் கையை அவர் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கவனித்திருக்கிறார். கதவுக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இப்பவும் குடுக்கலாங்க. உசுரோடதான் இருக்கேன்."

சுயுன்பாய் தொப்பியை மேலே தள்ளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீ சாகலையா? அவளும் சாகலையா? அப்ப நான் யாருக்குய்யா இவ்வளவு நேரம் அழுதேன்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவருக்கு முகம் செக்கச் செவேலென்று ஆனது. கண்ணீர் காய்வதற்குள் பழைய குரல் வந்துவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? அபசகுனம்! பிரிச்சுப் போடு இதை!"

"சாவியக் குடுங்க. பிரிக்கிறேன்."

"வந்தவங்க முன்னாடியா பேசற பேச்சு இது?"

"வந்தவங்க உங்களுக்காக அழுது தொண்டை காஞ்சு நிக்கிறாங்க. வெறும் வாயோட அனுப்பப் போறீங்களா? கூடாரத்து அடுப்பு குளிர் காயத்தான் ஆகும். கெட்டில் உள்ள இருக்கு, கரண்ட் அடுப்பு உள்ள இருக்கு. சாவி உங்க கழுத்துல இருக்கு."

அழ வந்தவரைப் பட்டினியாக அனுப்பிய வீடு என்று பெயர் வாங்கினால் எங்கள் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் இல்லை.

"குடுய்யா. எனக்கு டீ வேணும்" என்றார் சுயுன்பாய்.

கயிறு தொப்பியில் சிக்கிக்கொண்டது. பிடுங்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் பெட்டியைத் திறந்து எல்லா சுவிட்சையும் மேலே தள்ளினேன். பூட்டைச் சாவியோடு சுயுன்பாயிடம் கொடுத்து, உங்கள் கோழிக்கூண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு மாவு பிசைந்து போர்சோக் பொரித்தேன். பொன்னிறமாக உப்பிய மாவுத் துண்டுகளை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு, செத்துப் பிழைத்த வாத்தியாரைக் கேலி செய்தபடி டீ குடித்தார்கள்.

பொழுது சாயும்போது எல்லோரும் போய்விட்டார்கள். இவர் மேஜை முன்னால் உட்கார்ந்து கோப்பையை வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தார்.

"நெசமாவே நான் போயிருந்தா நீ அழுதிருப்பியா பூருல்?"

"அழாம? வீட்டுல இருக்கற எல்லா விளக்கையும் போட்டுட்டு, நடுக்கூடத்துல உக்காந்து அழுதிருப்பேன்."