மாப்ளே என்றால் நாற்பது

கண்ணாடிக்காரரின் வேனில் வேகம் காட்டும் முள் இருபதில் நின்றுவிட்டது. வேன் பறந்தாலும் இருபது, வாசலில் சும்மா நின்றாலும் இருபது. அந்த மாடல் வண்டி வந்து முப்பது வருஷம் ஆகிறது. உதிரி பாகம் கேட்டுப் போன கடைகளில் எல்லாம் கையை விரித்தார்கள். ஒரு மெக்கானிக் மட்டும் முள்ளை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நீங்க இருபதுல போங்க, கரெக்டா காட்டும்" என்றார்.

ஜன்னல் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி என்று எதுவானாலும் அளவெடுத்து வெட்டி, வேனில் சாய்த்துக் கட்டி, தானே கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருகிறவர் அவர். இன்னொருத்தர் கையில் கொடுத்து அனுப்ப மனசு வராது. எந்தப் பக்கம் போவதென்றாலும் ஆஸ்பத்திரி சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. போனால் கம்பத்தில் இருக்கும் கேமரா பளிச்சென்று படம் எடுக்கும், பத்து நாளில் வீட்டுக்குக் கடிதம் வரும். ஒன்று வந்துவிட்டது. மூன்று வந்தால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

"மெதுவா போனா என்னவாம்?" என்று மனைவி கேட்டாள். போய்ப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே நடந்து அவரை முந்திப் போனார்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் இறங்கி ஓடி வந்து, "தள்ளி விடணுமாண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பிறகு மச்சான் களத்தில் இறங்கினான். மனைவியின் தம்பி. எதற்கும் கைவசம் ஒரு வழி வைத்திருப்பவன். தன்னுடைய பழைய செல்போனில் வேகம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைத்தான். குறை சொல்லக் கூடாது, சரியாகத்தான் காட்டியது. ஆனால் ஆஸ்பத்திரி சாலை முனை வந்ததும் திரை முழுக்க ஒரு பெண் தோன்றி, உங்களுக்கு முடி கொட்டுகிறதா என்று கேட்டாள். அவளை விரட்ட மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அது எறும்பு அளவு. கண்ணாடிக்காரரின் கட்டைவிரலோ கனத்த கண்ணாடி தூக்கிப் பழகிய விரல். அவர் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, இல்லாத முடியைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது, சைக்கிளில் மாட்டுகிற மீட்டர். சக்கரத்தில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார், கண்ணெதிரே குட்டித் திரை. சக்கரத்தின் சுற்றளவை மட்டும் நாம் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மச்சான் சொல்லிக் கொடுத்தான். வேன் சக்கரத்தின் அளவை அல்ல, கூட வந்த காகிதத்தில் உதாரணத்துக்குப் போட்டிருந்த குழந்தைகள் சைக்கிளின் அளவை. முப்பத்தைந்து என்று மீட்டர் காட்டியதை நம்பி, விசிலடித்துக்கொண்டே போனவருக்கு இரண்டாவது கடிதம் வந்தது. ஐம்பத்தைந்தாம். கடிதம் வந்த அன்று மாலையும் அந்த மீட்டர், ஒன்பதாயிரம் கலோரி எரித்ததற்காக அவரைப் பாராட்டி, தண்ணீர் குடிக்கச் சொன்னது. அவரும் குடித்தார்.

இனி ஒரே ஒரு கடிதம்தான்.

சனிக்கிழமை காலை, மீட்டரின் அளவைத் திருத்தி ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மச்சான் தன் காரில் முன்னால் அதே வேகத்தில் போய், தன் வேகத்தைப் போனில் சொல்லிக்கொண்டே வருவான். மாமியாருக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் அவரையும் வேனில் ஏற்றி, மடியில் போனை வைத்தாள் மனைவி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் பேசியதை ஒரு தாளில் எழுதினால் பின்பக்கம் காலியாக இருக்கும். இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

பாதி வழியில் காந்தம் கழன்று எங்கோ விழுந்தது. மீட்டர் பூஜ்யத்துக்குப் போய், ஓய்வெடுக்கிறீர்களா என்று கேட்டது.

"மாப்ளே!" என்று மாமியார் அலறினார்.

"நாப்பது" என்றான் மச்சான் போனில்.

வேகம் குறைத்து மறுபடி ஏற்றினார்.

"மாப்ளே!"

"நாப்பது."

மூன்றாம் தடவையும் அப்படியே. பிறகு மச்சான், "மாமா, அம்மா எனக்கு முன்னாடியே சொல்றாங்க" என்றான்.

பல் டாக்டரிடம் போய்த் திரும்பும்போதும் முன்னால் போன மச்சான் போனில் வேகத்தைச் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்காரர் ஓரக்கண்ணால் மாமியாரைக் கவனித்தார். முப்பதில் மாமியாரின் கைப்பை மார்போடு ஒட்டியது. முப்பத்தைந்தில் அவர் வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி மிதித்தது. நாற்பதில் "மாப்ளே!" முப்பத்தொன்பதில் இல்லை, நாற்பத்தொன்றில் இல்லை. நாற்பத்தைந்தில், "அந்த பேங்க் மாப்பிள்ளைக்கே குடுத்திருக்கலாம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் போக கண்ணாடிக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

"எங்கம்மா என்ன மீட்டரா?" என்று மனைவி எகிறினாள். ஆனாலும் அன்று ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததென்னவோ அவள்தான்.

மாமியாரிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தனியா போக ஒரு மாதிரி இருக்கு அத்தை. தொணைக்கு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். மாமியாரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாகிவிட்டது. மறுநாள் ஏழு மணிக்கே நல்ல புடவை கட்டி வேனில் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரம் எல்லாம் கச்சிதம். "மாப்ளே!" என்றதும் இவர் காலை எடுப்பார், கேமரா கம்பம் வாயை மூடிக்கொண்டு நிற்கும். இரண்டாம் வாரம் மாமியார் கண்ணாடி பொருத்தும் வீடுகளில் அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். "ஓரத்த புடிக்காதீங்க, விரலு போயிடும்" என்று வீட்டுக்காரர்களை மிரட்டினார். ஆளுயரக் கண்ணாடி வாங்குகிறவர்களைப் பற்றி வேனில் அவர் சொல்லும் கதைகளைக் கேட்டு, கண்ணாடிக்காரர் ஒரு தடவை சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த அம்மாளோடு பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

நாலாம் வாரத்தில் ஒருநாள், கண்ணாடியை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பினார்கள். ஆஸ்பத்திரி சாலை காலியாகக் கிடந்தது. கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பளிச்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மனைவி பிரித்து, கூடத்தில் எல்லோருக்கும் நடுவே வைத்தாள். படத்தில் கண்ணாடிக்காரர் ரோட்டைப் பார்க்காமல், ஏதோ கேட்கக் காத்திருப்பவர் போல இடது பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்தில் மாமியார். கைப்பை காலடியில் கிடந்தது, தலைமுடி பறந்தது, வாய் கொள்ளாத சிரிப்பு.

ஆறு மாதம். கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த வேகத்தில் உண்மையும் வந்துவிட்டது.

"நீங்க கத்துவீங்கன்னு நம்பித்தான் போனேன் அத்தை. உங்களத்தான் மீட்டரா வச்சிருந்தேன்."

மாமியார் அவரையே பார்த்தார்.

"அப்ப தொணைக்குன்னு கூப்டது?"

"மொத வாரம் மீட்டருக்கு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறம் தொணைக்குத்தான். சத்தியமா."

மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கையில் எடுத்தார்.

"எவ்ளோன்னு போட்ருக்கான்?"

"அம்பத்திரண்டு."

"சரியாத்தான் போட்ருக்கான்" என்றார் மாமியார். "நாப்பது தாண்டினப்பவே எனக்குத் தெரியும் மாப்ளே. நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."