நின்றது தெரியாமல் நிறுத்துகிறவள்

இதயத்தில் ஆபரேஷன் என்றால் சொந்தபந்தமெல்லாம் பழப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். சிறுநீரகம் என்றால் குரலைத் தாழ்த்திப் பேசும். கால் பெருவிரலில் ஆபரேஷன் என்று சொல்லிப் பாருங்கள். "விரல்லயா?" என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பும் வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அந்தப் பட்டியலில் பெருவிரலை யாரும் சேர்க்கவில்லை.

அவள் பஸ் டிரைவர். பம்பு செட் செய்கிற தொழிற்சாலையின் காலை ஆறு மணி வண்டியைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறாள். ஏறுகிறவர்கள் எல்லாரும் முதல் ஷிப்டுக்காரர்கள். பாதித் தூக்கத்தில் ஏறி, மீதித் தூக்கத்தை வண்டிக்குள் முடிக்கிறவர்கள். அந்த ஐம்பது நிமிடத் தூக்கத்தை அவர்களுக்குக் கெடுக்காமல் கொடுப்பது அவள்தான் என்பதால் அவளுக்குத் தாலாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, வண்டி நிற்பதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னால் பெருவிரலை மட்டும் மயிரிழை தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் வண்டி நிற்கிற அந்தக் கடைசி நொடியில் எல்லார் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வரும். லைசென்ஸ் கொடுக்கிற எவரும் இதைக் கேட்பதில்லை. டிப்போவில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புது வண்டி வந்தால் அவள் ஒரு காலி தண்ணீர் பாட்டிலை வண்டிக்குள் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கிற நடைபாதையில் நிமிர்த்தி வைத்துவிட்டு டிப்போ முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவாள். பாட்டில் விழாமல் நிறுத்தினால்தான் அந்த வண்டி அவள் கைக்கு வந்தது என்று அர்த்தம். சம்பளத்தைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு கர்வம் கிடையாது.

அந்தப் பெருவிரல்தான் நாலு வருடமாகப் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டே போய், அடியில் கோலிக்குண்டு அளவுக்கு எலும்பு முண்டாகப் பிதுங்கி நின்றது. ஷூ போட்டால் உயிர் போகும். டாக்டர் அதற்கு ஏதோ பனியன் என்று பெயர் சொன்னார். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடையில் போய், "என் சம்சாரத்துக்குப் பனியன் ஆபரேஷன்" என்று சொல்லி லீவு கேட்டிருக்கிறார். முதலாளி அரை நாள் சிரித்துவிட்டுத்தான் லீவு கொடுத்தாராம்.

எலும்பை வெட்டி, நேராக்கி, இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். "ஆறு வாரத்துல பழையபடி ஆயிடுவீங்க" என்றார் டாக்டர். டாக்டர்களின் ஆறு வாரம் இருக்கிறதே, அது வீடு கட்டுகிறவர் சொல்கிற "அடுத்த மாசம் சாவி" மாதிரிதான்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"எலும்பு சேரவே இல்லையேம்மா. காலை ஊன்றினீங்களா?"

"சத்தியமா இல்லை டாக்டர்."

"பாத்ரூமுக்குக்கூட ரெண்டு கட்டையோடதான் போறா" என்று கணவர் சாட்சி சொன்னார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன் சார். தரையில விட்டதே இல்லை."

இருவரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் இன்னும் நாலு வாரத்துக்கு அந்தப் பூதாகாரமான பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆபரேஷனே செய்திருக்கக் கூடாது என்றார். வெட்டி முடித்த பிறகு சொல்கிற புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. வலி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு, விரலின் அடியிலிருந்து ஊசி ஊசியாக.

பகலெல்லாம் அவள் மூன்றாவது மாடி ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே நாலு ரோடு கூடுகிற இடம், சிக்னலும் உண்டு. டி.வி.யைவிட அது நன்றாக இருந்தது. "இவன் லேட்டா மிதிக்கிறான். அந்த லாரிக்காரன் தேவலாம். ஐயோ, இந்த வெள்ளைக் காரை எவன்டா ஓட்டச் சொன்னது?" என்று அவளாகவே மார்க் போட்டுக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போகும்போது கணவர் எட்டிப் பார்த்து, "ஆர்.டி.ஓ. மேடம், வரட்டுமா?" என்பார்.

பத்தாவது வாரம் டாக்டரிடம் போக நாத்தனார் கார் கொண்டு வந்தாள். இந்த நாத்தனாருக்கு யார் வீட்டில் என்ன நடந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். வாயும் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கூப்பிட்டால் வந்து நிற்கிற ஆள். அண்ணனைப் பின் சீட்டில் தள்ளிவிட்டு, அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

முதல் சிக்னலில் நின்றாள். இரண்டாவது சிக்னலில் நின்றாள். மூன்றாவதில் நிற்கும்போது சாலையைப் பார்க்காமல் அண்ணியின் காலைப் பார்த்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? சிவனேன்னு உக்காந்திருக்கேன்."

"காலு என்ன பண்ணுது?"

"காலு என்ன பண்ணும்?"

"அண்ணி, நான் பிரேக் போடுறதுக்கு முன்னாடி நீங்க போடுறீங்க!"

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால், பிளாஸ்டிக் பூட்ஸும் தானுமாக, தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. காலை இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த சிக்னலில் முன்னால் போன ஸ்கூட்டர் திடீரென்று திரும்பியதும் கால் தானாகவே போய் அழுத்தியது. வலி சுருக்கென்று முழங்கால் வரை ஏறியது.

"அம்மா தாயே!" என்று நாத்தனார் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "அண்ணா, உன் பொண்டாட்டிய காலும் களவுமா பிடிச்சுட்டேன்."

பின் சீட்டிலிருந்து கணவர் மெதுவாகக் கேட்டார். "ஜன்னல்ல உக்காரும்போதும் இதுதானா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறை சிக்னல் சிவப்பாகும்போதும் விரலுக்கடியில் ஒரு சுருக் வந்து போவதை அவள் வலி என்றே எண்ணியிருந்தாள், ஆபரேஷன் வலி வந்து வந்து போகிறது என்று. மாத்திரையும் போட்டிருந்தாள்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?"

கணவர் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சிவப்பு சார். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும்னா, ஒரு முந்நூறு."

"முந்நூறு தடவை மிதிச்சா சிமென்டே சேராதும்மா. இது எலும்பு."

அன்றைக்கே நாற்காலி பின்னறைக்குப் போனது. பீரோவைப் பார்த்தபடி உட்கார வைத்து, காலைத் தூக்கி இரண்டு தலையணை மேல் வைத்தார்கள். மிதிக்க எதுவும் இல்லாமல் பாதம் அந்தரத்தில் நின்றது. அன்றைய சாயங்காலம் அவள் அழுதாள். வலிக்காக அழவில்லை, வலி பழகிப்போயிருந்தது. பதினாறு வருடமாக அவள் சொன்னதைக் கேட்ட கால், அவளுக்குத் தெரியாமல் அவளுக்கே கெடுதல் செய்துவிட்டதே என்றுதான். இனி அது பழையபடி சொன்ன பேச்சைக் கேட்குமா என்கிற பயம் அப்போதுதான் வந்தது.

"அழாதே" என்றார் கணவர். "சேர்ந்துடும்."

"சேர்ந்துடும், தெரியும். வளையுமா?"

காபி போடுகிறேன் என்று அவர் எழுந்து போனார்.

ஐந்தாம் மாதம் எலும்பு சேர்ந்தது. கழற்றி வைத்த பூட்ஸை நாத்தனார் பெருக்குமாற்றால் வெளியே தள்ளினாள். வலி குறைந்தது, போகவில்லை. விரலின் மேல் தோல் மரத்தே கிடந்தது. அடியில் காலையில் இறுக்கம், சாயங்காலம் வீக்கம். பிசியோதெரபி கொடுக்கிற பெண் தரையில் துண்டை விரித்து விரலால் சுருட்டி இழுக்கச் சொன்னாள், கோலிக்குண்டைக் கவ்வி எடுக்கச் சொன்னாள். மற்ற நாலு விரலும் ஓடி ஓடி வேலை செய்தன. பெருவிரல் மட்டும் கல்யாண வீட்டுப் பெரிய மனிதர் மாதிரி விறைப்பாக நின்று வேடிக்கை பார்த்தது.

"இது எப்போம்மா வளையும்?"

"வளையும் மேடம். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

"முழுசா வேணாம். மயிரிழை போதும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. துண்டை உதறி மறுபடியும் விரித்தாள்.

ஏழாம் மாதம் டிப்போ இன்சார்ஜ் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் காலி வண்டியைக் கொடுத்து, வேகமாக வரச் சொல்லி, கையைக் காட்டியதும் நிறுத்தச் சொன்னார். பத்து தடவை. பத்து தடவையும் தரையில் போட்டிருந்த கோட்டுக்கு முன்னால் நச்சென்று நின்றது. அழுத்துவதற்கு விரல் வளைய வேண்டியதில்லை, முழுப் பாதமும் இருக்கிறது.

"பிரமாதம்மா. டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கு. திங்கக்கிழமை வண்டியை எடுத்துக்கோ."

"ஒரு நிமிஷம் சார்."

அவள் காலி பாட்டிலை நடைபாதையில் நிறுத்தி வைத்தாள். மெதுவாகப் போய் மெதுவாக மிதித்தாள். கடைசி நொடியில் விரலைத் தளர்த்தப் பார்த்தாள். விரல் தளரவில்லை, பாதம் முழுக்கத்தான் எழுந்தது. பாட்டில் விழுந்து உருண்டு அவள் சீட்டுக்கடியில் வந்து முட்டியது. குதிகாலை நகர்த்திப் பார்த்தாள், இரண்டாம் விரலால் செய்து பார்த்தாள். ஒன்பது தடவை வைத்தாள், ஒன்பது தடவையும் விழுந்தது.

இன்சார்ஜ் படியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "இதை எவன் கேட்டான்? வண்டி நிக்குதில்ல?"

"நிக்குது சார்."

"அப்புறம் என்ன? திங்கக்கிழமை வரலேன்னா அந்த ரூட்டை வேற ஆளுக்கு நிரந்தரமா எழுதிடுவேன். உன்னை டைம் ஆபீஸ்ல அட்டெண்டன்ஸ் எழுத உக்கார வைக்கணும். யோசிச்சுக்கோ."

வீட்டில் கணவரும் அதையே கேட்டார். "வண்டி பத்திரமா நின்னா போதாதா?"

"உங்க கடையில ஃபிரேம் மூக்குல நின்னா போதும்னு குடுத்து அனுப்புவீங்களா? பவர் சரியா இருக்க வேணாமா?"

"பவர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கண்ணு பழகிக்கும்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சொன்னதில் அவளுக்குக் கோபம் வராத ஒரே வார்த்தை அதுதான். டைம் ஆபீசில் உட்கார்ந்தால் விரல் பழக வழியே இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை போவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை குளிராகவும் மங்கலாகவும் இருந்தது. தடித்த ஜாக்கெட், காது மூடிய தொப்பி, வலது காலுக்கு ஒரு அளவு பெரிய ஷூ. வருவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்கள் வழக்கம்போல முகத்தை மப்ளருக்குள் புதைத்துக்கொண்டு, ஒரு "ம்" சொல்லி, படியைப் பார்த்தபடியே ஏறினார்கள். டிரைவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் முன் சீட்டில் உட்காருகிற கேன்டீன் அம்மாதான். அவள் நாளைக்குத்தான் வருவாள், திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. கடைசி சீட்டுக்கு எப்போதும் போகிற, குறட்டை என்று பெயர் வாங்கிய வெல்டர், ஏறும்போதே கண்ணை மூடியிருந்தார்.

முதல் நிறுத்தத்தில் கண்ணாடியில் பார்த்தாள். முப்பது தலைகளும் முன்னால் போய்ப் பின்னால் வந்தன. இரண்டாவதில் யாரோ "ப்ச்" என்றார்கள். நாலாவது நிறுத்தத்துக்குள் பாதி வண்டி விழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் விரலுக்குச் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள். எட்டாவது நிறுத்தத்தில் கொஞ்சம் வந்தது போல இருந்தது. ஒன்பதாவதில் அதுவும் இல்லை. விரலடியில் ஊசி குத்த ஆரம்பித்திருந்தது, சாயங்காலம் வரை காத்திருக்காமல்.

தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக வெல்டர் பிடரியைத் தேய்த்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டுப் பையின் ஜிப் சிக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்தபடியே அவள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. இதுக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க நிறுத்தினா நின்னதே தெரியாது. நானெல்லாம் வீட்ல தூங்குறதைவிட இதுல நல்லா தூங்குவேன்." ஜிப் வரவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் இறங்கினார். "கால்ல ஏதோ ஆபரேஷனாம். அவங்க எப்ப வருவாங்கன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவாங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

குரலைக் கேட்டு அவர் நிமிர்ந்தாரா என்று அவள் பார்க்கவில்லை. கதவை மூடிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.