தூண்டில் வளைவுக்கு ஒரு நடை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ரோட்டில் நிற்கிற லாரியும் மரமும் ஒன்றுதான். சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முன்பெல்லாம் ஒரு வண்டி கல்லைப் பின்டயருக்கு அண்டக்கொடுத்துவிட்டு நின்றால், பின்னால் வருகிறவன் எந்த ஊர்க்காரனானாலும் நிறுத்துவான். "இன்னாபா ஆச்சி" என்பான். ஜாக்கி இல்லையென்றால் தன்னுடையதை இறக்கிக் கொடுப்பான். இப்போது ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறான், இல்லையென்றால் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான். துக்கத்துக்கு வருகிறவனே அப்படித்தான் இருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிளம்புகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறான்.

திருவேங்கடம் இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆள் இரண்டு காதிலும் எதையோ செருகி வைத்திருந்ததைச் செங்கல்பட்டில் இறங்கும்போதுதான் கவனித்தார். போகட்டும், பேச்சு ஒன்றும் வீணாகிவிடவில்லை, கேட்டிருந்தாலும் அவன் ஒன்றும் கிழித்திருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மடியில் முடிந்துகொண்டு கல் யார்டைப் பார்க்க நடந்தார்.

அவர் லாரியை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிறது. மனைவி சாரதாம்பாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது இறங்கியவர். படுக்கையிலேயே கிடப்பவளுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ராத்திரி பகல் பார்க்காமல் புரட்டினார். அவள் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். முதுகில் ஒரு புண் கிடையாது. கழுவிய பெண்கள் அதைச் சொல்லி அழுதார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. அழுகை மட்டுமில்லை, எதுவுமே வரவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றினால் சுற்றுகிறது, நின்றால் நிற்கிறது.

மகள் பூங்கொடி மதுராந்தகத்தில் இருக்கிறாள். ஹாலில் ஒரு மூலையை ஒழித்து, அப்பாவுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். டிவிக்கு நேர் எதிரே. நல்ல பெண்தான், மருமகனும் குறை சொல்ல முடியாதவர்தான். ஆனால் அந்தக் கட்டிலில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதிலிருந்து நாலு பேர் தூக்கித்தான் இறக்குவார்கள் என்று திருவேங்கடத்துக்குப் பட்டது. வண்டி ஏறினால் வண்டி, இல்லாவிட்டால் கட்டில். இரண்டில் ஒன்று இன்றைக்கு முடிவாகவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள்ளே வைத்திருந்தார்.

யார்டில் பொறுப்பாக இருப்பவன் பெஞ்சமின். ஒரு காலத்தில் இவரிடம் கிளீனராக இருந்தவன். இப்போது தொப்பையும் கண்ணாடியுமாக ஆள் மாறிவிட்டிருந்தான்.

"வா அண்ணாத்த. இன்னா இப்டி எளச்சிட்ட? நாஸ்தா துன்னியா?"

"அதெல்லாம் ஆச்சி. வண்டி எங்க?"

"இரு, மொதல்ல இத்த கேளு. அறுவது தாண்டனவங்கள எட்தா நான்தான் பொறுப்புன்னு முதலாளி சொல்லிகீறாரு. ஒரு நடை ஓட்டிக் காட்டணும். நான் பக்கத்துல குந்திகினு வருவேன்."

"நீ எனக்கு டெஸ்ட் வெக்கிறியா? ஸ்பானர் எடுடான்னா சுத்தியல் எட்தாந்தவன் நீ."

"அதுக்கு நீ குட்த்த அடி இன்னும் காதுல கொய்யுங்குது. நான் இன்னா பண்ண? இன்னொண்ணு. வண்டி உள்ள கேமரா ஒண்ணு கீது. ஓட்றவன் கண்ண மூடினா கத்தும். ஆபீஸ்ல ஜெயப்பிரியான்னு ஒரு பொண்ணு அத்த பாத்துகினே இருக்கும். தூங்கினதா அதுல வந்துட்சின்னா வேல கெடையாது. நான் சொன்னாலும் கெடையாது."

"கண்ண மூடாம இருக்க நான் இன்னா மீனா?"

"சிமிட்டிக்க அண்ணாத்த. மூடியே வெக்காத, அவ்ளோதான்."

டாரஸ் என்கிற பெரிய டிப்பர் லாரி. பின்னால் ஆள் உயரத்துக்குக் கருங்கல் ஏற்றியிருந்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கரையைக் கடல் தின்றுகொண்டே வருகிறதாம். கடலுக்குள் கல்லைக் கொட்டி, வளைத்து ஒரு சுவர் கட்டுகிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். அதற்குத்தான் கல். திருவேங்கடம் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். பழம் நசுங்கியது. கண்ணாடிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கைக்கு மறதி இல்லை. கியர் தானாக விழுந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் வண்டியின் கனத்தைக் கால் தானாக எடை போட்டுப் பிரேக்கைத் தொட்டது. பெஞ்சமின் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "ஒண்ணும் மாறல அண்ணாத்த நீ" என்றான். ஆனால் வண்டி மாறியிருந்தது. ஒற்றை விரலில் திரும்புகிற ஸ்டியரிங். என்ஜின் சூடு தொடையைப் பொசுக்குவதில்லை. உள்ளே ஏசி. லாரியில் ஏசி! புழுதி இல்லை, சத்தம் இல்லை. ஊரெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடியது. திருவேங்கடம் காத்திருந்தார். இதோ வந்துவிடும், அடுத்த வளைவில் வந்துவிடும் என்று. சந்தோஷமோ துக்கமோ எதுவானாலும் சரி. எதுவும் வரவில்லை. வண்டி ஓடிற்று, அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் அவர் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது, இரண்டு கண்ணையும் ஒற்றி நெஞ்சுக்குப் போயிற்று. அந்தப் பக்கம் போகிற டிரைவர் எவனும் செய்கிற காரியம். உடனே பெட்டி கீச்சென்று கத்தியது. ஒரு பொம்பளைக் குரல் புரியாத பாஷையில் இரண்டுதரம் அதட்டியது. பெஞ்சமினின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஒண்ணுமில்லம்மா ஜெயப்பிரியா, மலைக்குக் கும்பிட்டாரு."

"தெரியும் சார். அந்த எடத்துல எல்லா வண்டியிலயும் அடிக்கும். கும்பிடுன்னு போட்டு விட்டுட்டேன். மெதுவா வாங்க."

"பாத்தியா" என்றான் பெஞ்சமின். "கும்பிடுக்குத் தள்ளுபடி உண்டு."

"நீ சிலுவ போட்டா கத்தாதா?"

"நான் கண்ண தொறந்துகினே போட்டுக்குவேன். கர்த்தரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

திருவேங்கடம் சிரிக்கவேண்டிய இடம் அது என்று தெரிந்து சிரித்தார்.

குப்பத்தில் பின்னுக்கு வந்து கல்லைக் கொட்டினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவி, "நைனா, தள்ளிக் கொட்டுபா, வலமேல கொட்டிடப் போற" என்று கத்த, ஒரு முழம் பிசகாமல் கொட்டினார். கல் உருண்ட சத்தத்தில் காக்கைகள் எழுந்து உட்கார்ந்தன. கடல் பக்கத்திலேயே இருந்தது. சாரதாம்பாள் கடலைப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இப்போது நினைத்துக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும். அவர் சக்கரத்து மண்ணைத் தட்டிவிட்டு ஏறினார்.

பூஞ்சேரியில் டீ குடித்தார்கள்.

"ராத்திரியில தூக்கம் வருதா அண்ணாத்த?"

"படுத்தா தூங்குறேன். இன்னா கேள்வி இது?"

படுத்தால் தூங்குவார்தான். இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கை பக்கத்துக் கட்டிலைத் தேடும். வெறும் கட்டில் என்று தெரிந்த பிறகு திரும்பப் படுப்பார். பிறகு இரண்டு மணி நேரத்தில் மறுபடியும். விடிகிறவரைக்கும் இதேதான். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

"தேறிட்ட" என்றான் பெஞ்சமின். "நாளிக்கே வந்துடு. பூங்கொடிக்கு நான் போன் பண்ணி சொல்றேன், உங்கப்பன் கட்டில வித்துடுன்னு."

திரும்பி வரும்போது வெறும் வண்டி. நேரான ரோடு, இரண்டு பக்கமும் நடவு முடிந்த கழனி. எதிரே வண்டிகள் அதிகமில்லை. ஏசிக் காற்று ஒரே சீராக முகத்தில் விழுந்தது. ஒரு புளியமரம் வந்தது. பிறகு இன்னொன்று. அடுத்து வந்தது மரம் இல்லை, பெஞ்சமினின் கை.

கை ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டி கத்திக்கொண்டிருந்தது. பெஞ்சமினும் கத்திக்கொண்டிருந்தான். இடதுபக்கச் சக்கரம் தாரை விட்டு இறங்கி மண்ணில் தடதடவென்று ஓட, திருவேங்கடத்தின் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மீன்காரம்மா பள்ளத்தில் குதித்து நின்றிருந்தாள். அலுமினியக் கூடை கவிழ்ந்து மீனெல்லாம் புழுதியில் கிடந்தது.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா பாவி! வூட்ல புள்ள குட்டி இல்ல உனக்கு?"

பெஞ்சமின் இறங்கி ஓடினான். அவளுக்கு அடியில்லை என்று தெரிந்து, மீனைப் பொறுக்கிப் போட்டு, கையைக் கூப்பி ஏதேதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தான். அவன் சட்டை முழுக்க வேர்வை. திருவேங்கடம் இருந்த இடத்திலேயே இருந்தார். நெஞ்சு படபடக்கவேண்டும். படபடக்கவில்லை.

"நீ எதுக்குடா ஸ்டியரிங்க புட்ச்சி இழுத்த?" என்றார்.

"இன்னா சொல்ற? தூங்கிட்ட அண்ணாத்த."

"எவன் தூங்கினான்? நீ இழுத்துதான வண்டி எறங்கிச்சி."

போன் அடித்தது. ஜெயப்பிரியாதான். பெஞ்சமின் எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தான்.

"கும்பிட்டேன்னு சொல்லு" என்றார் திருவேங்கடம்.

"எத்த கும்பிட்ட?"

"மரத்தாண்ட ஒரு அம்மன் கீது."

பெஞ்சமின் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் ஒரு கிலோமீட்டர் கல்லும் கிழிந்த சிமெண்டுச் சாக்கும் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்தான். இருந்தால் நன்றாயிருக்குமே என்று தேடுகிறவன் மாதிரி பார்த்தான். மணி அடித்து ஓய்ந்தது.

"அம்மன் இல்ல அண்ணாத்த. எறங்கி இந்தாண்ட வா. நான் ஓட்றேன்."

திருவேங்கடம் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து செங்கல்பட்டு வந்து சேர்ந்தார். மலையைக் கடந்தபோது அவர் கும்பிட்டார். பெட்டி கத்தவில்லை. அது டிரைவரைத்தான் பார்க்கும்.

ஆபீஸில் ஜெயப்பிரியா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "பாத்துடுங்கய்யா, பார்த்தா உங்களுக்கே புரியும்" என்று சொல்லிப் படத்தை ஓடவிட்டாள்.

திரையில் ஒரு கிழவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தலை தொங்கவில்லை. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் பெஞ்சமின் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, ஒரு கணம் திகைத்துப் பாய்ந்தான். அந்தக் கிழவருக்குத்தான் என்ன ஒரு நிம்மதியான தூக்கம். திருவேங்கடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் அப்படித் தூங்கி எவ்வளவு காலம் ஆயிற்று!

"நீங்கதானேய்யா இது?"

"சட்ட என்னுது."

"மூஞ்சி?" என்றான் பெஞ்சமின்.

"மூஞ்சிய எவன் வேணா மாத்துவான். எம் பேத்தி போன்ல நான் வெளிநாட்டுப் பொம்பளைங்களோட டான்ஸ் ஆடிகினு கீறேன். ஆடினனா நானு?"

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சமின் பெருமூச்சு விட்டான். "அண்ணாத்த, நான் பக்கத்துல இருந்தேன். அந்தம்மா செத்திருக்கும். கொஞ்ச நாளிக்கு பூங்கொடி வூட்ல போய் நல்லா தூங்கு. டாக்டராண்ட காட்டு. அப்பறம் பாக்கலாம். இல்லன்னா இங்கியே கேட்டுல குந்து. வர்ற வண்டி, போற வண்டிய பாத்துக்க."

"அதுக்கு நான் எதுக்கு? இன்னொரு கேமரா மாட்டிக்க."

"வயித்தெரிச்சல கொட்டிக்காத. உம்மேல பாசம் இல்லாமயா சொல்றேன்?"

"நீ இழுத்த. அதனால எறங்கிச்சி. அவ்ளோதான்."

எழுந்து வெளியே வந்தார். யார்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வரிசையாக டிப்பர்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்கு மேலே அதே கறுப்புப் பெட்டி. பெஞ்சமின் பின்னாலேயே வந்து, "இரு, பைக்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுடறேன்" என்றான். அவர் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டினார்.

தன் கண் மூடினால் தனக்குத் தெரியாதா? அந்த இரண்டு புளியமரமும் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது. ஒன்று மொட்டை, இன்னொன்றில் கட்சிக் கொடி. தூங்குகிறவனுக்குக் கொடியா தெரியும்? மூன்றாவது மரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். அது ஞாபகத்தில் இல்லை. எல்லா மரத்தையும் எவன் ஞாபகம் வைத்திருப்பான்?

மதுராந்தகம் போகிற பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. திருவேங்கடம் ரோட்டைக் கடக்கவில்லை. பெட்டி மாட்டாத பழைய வண்டி எவனிடமாவது ஒன்று இருக்கும், இல்லாமலா போய்விடும் என்று எண்ணிக்கொண்டு, வண்டிகள் வருகிற ஓரமாகவே நடந்தார்.